காலடியில் வாழும் குடும்பம்

பொட்டிபுரம் என்னும் சிற்றூரின் பெயர் சில ஆண்டுகளுக்கு முன்னர் நாடெங்கும் பேசப்பட்டது. போடி மேற்கு மலையின் அடிவாரத்தில் உள்ள அவ்வூரில் மலையைக் குடைந்து, நியூட்ரினோ என்னும் கண்ணுக்குப் புலப்படாத துகளை ஆராய்வதற்கென ஓர் ஆய்வகம் அமைக்க 2015ஆம் ஆண்டு ஜனவரியில் நடுவண் அரசு ஒப்புதல் அளித்தது. ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்த் திட்டம் அது. ஊர் மக்கள் அஞ்சினர், எதிர்த்தனர். 2022இல் தமிழக அரசும் உச்ச நீதிமன்றத்தில் தன் மறுப்பைத் தெரிவித்தது. அவ்வழக்கின் நியாயங்களை ஆராய்வது என் நோக்கமன்று. அந்நாள்களில் அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்ன சொல்லே இக்கட்டுரைக்கு வித்து.

"மலைக்கு அடியில கண்ணுக்குத் தெரியாம என்ன இருக்குன்னு பாக்கப் பெரிய பெரிய ஆளுக எல்லாம் வர்றாக, சாமி. நம்ம காலுக்குக் கீழ என்ன இருக்குன்னுதான் ஒருத்தரும் பாக்கலை" என்றார் அவர்.

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று எண்ணிச் சிரித்தேன். அவர் என்னைத்தான் சுட்டினார் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.

அப்பொழுது நான் போடி நகரில் பணியாற்றி வந்தேன். 2013ஆம் ஆண்டு மாற்றலாகி அங்குச் சென்றபோது, இல்லத்தின் முன்புறம் கட்டாந்தரையாய்க் கிடந்தது. ஒரு மூலையில் முதிர்ந்த புங்கமரம் ஒன்று. அதனடியில் சருகும் குப்பையும். மற்றைய இடமெல்லாம் பார்த்தீனியச் செடி. வருவோர் கண்ணுக்குக் குளிர்ச்சியாய் ஒரு புல்தரை அமைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றிற்று. நிலத்தைச் சமன் செய்து, பாய்போற் சுருட்டி விற்கின்ற புல்லை வாங்கி வந்து விரித்தோம். நீர் பாய்ச்சவும் புல் வெட்டவும் மேற்சொன்ன பெரியவரை அமர்த்தினேன். எழுபதை எட்டியவர், இளமை முதல் ஏலமலையில் கூலியாகவும் பின்னர்க் கங்காணியாகவும் உழைத்து, முழங்கால் தளர்ந்தபின் போடியில் மகள் வீட்டில் வந்து தங்கியிருந்தவர்.

புல் சற்றே வெளுத்தாலும் என் மனம் பொறுக்காது. உடனே யூரியா தூவச் சொல்வேன். நாலைந்து நாள்களுக்குள் புல் கரும்பச்சையாய்த் தலைநிமிரும். வெட்டிய புல்லையும் உதிர்ந்த இலையையும் ஒன்றுவிடாமல் கூட்டி எரிக்கச் சொல்வேன். திருமண வீட்டார் அங்கு வந்து புகைப்படம் எடுத்துக்கொண்டனர். "சாமி கைபட்டால் பாலைவனமும் பசுமையாகும்" என்று சிலர் புகழ்ந்தனர். புகழ்ச்சி யாரைத்தான் மயக்காது?

பெரியவர் மட்டும் ஒருநாள் தயங்கித் தயங்கி, "உப்பு போதுமே சாமி" என்றார். யூரியாவை அவர் உப்பு என்றே வழங்குவார். "மூட்டை என் காசில் வாங்கியது, பெரியவரே. உங்களுக்கேன் கவலை?" என்றேன். அவர் மேலும் பேசவில்லை. அந்த மறுமொழியை இன்று நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கின்றது.

2015ஆம் ஆண்டு ஐப்பசியில் நல்ல மழை பெய்தது. மழைவிட்ட காலையில் நான் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். புங்கமரத்தடியில் மைனாக்கள் இரைதேடிக் கலகலத்தன. கொண்டலாத்தி ஒன்று அலகால் மண்ணைக் குத்திக்கொண்டிருந்தது. செம்பட்டில் வெட்டியெடுத்தாற்போன்ற தம்பலப்பூச்சிகள் சருகிடையே ஊர்ந்தன. ஆனால், பசுமை பொங்கிய என் புல்தரையிலோ ஒரு பறவைகூட இறங்கவில்லை. மழைநீரும் மண்ணுள் இறங்காமல் ஆங்காங்கே தேங்கி நின்றது. புல்லின் அடியில் மக்காத தாளும் வேரும் மெத்தைபோல் தடித்திருந்தன.

பெரியவர் மண்வெட்டியை எடுத்துவந்தார். புல்தரையின் நடுவே ஒரு சாண் நீளம், ஒரு சாண் அகலம், ஒரு சாண் ஆழத்திற்கு மண்ணை வெட்டிச் சாக்கின்மேல் கொட்டினார். புங்கமரத்தடியிலும் அதே அளவு வெட்டி, மற்றொரு சாக்கில் கொட்டினார். இருவரும் குந்தியமர்ந்து மண்ணை விரலால் உதிர்த்துப் பார்த்தோம். புல்தரை மண்ணில் மெலிந்து வெளுத்த மண்புழு இரண்டு, சில எறும்புகள், அவ்வளவுதான். மரத்தடி மண்ணில் மண்புழுக்கள் மட்டும் பதினேழு. அவற்றோடு மரவட்டைகள், வண்டின் புழுக்கள், சிறு நத்தை, குட்டிப் பூரான், தொட்டால் துள்ளுகின்ற, கடுகினும் சிறிய வெண்ணிறப் பூச்சிகள் என ஓர் ஊரே குடியிருந்தது. அந்த மண் கையில் பொலபொலவென்று உதிர்ந்தது. முதல் மழையின் மணம் அதில் இருந்தது. புல்தரை மண்ணோ கட்டியாய் உடைந்தது.

"இது வீடு, சாமி. அது விரிச்ச பாயி" என்றார் பெரியவர், மரத்தடியையும் புல்தரையையும் மாறி மாறிக் காட்டி.

பின்னர்த்தான் தம் மனத்தில் இருந்ததைச் சொன்னார். அவருடைய மருமகன் ஏலமலையில் ஒன்றரை ஏக்கர் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். வட்டிக்குப் பணம் வாங்கி உரத்தைக் கொட்டிக்கொண்டிருந்தார். "நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கிறாரு. 'சாமி படிச்சவரு, அவரு வீட்டுப் புல்லைப் போய்ப் பாருங்க, உரம் போட்டா எப்படி இருக்குன்னு தெரியும்'ங்கிறாரு. நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

அச்சொல் என்னைச் சுட்டது. வாய்திறந்து நான் எவருக்கும் உரமிடச் சொன்னதில்லை. ஆயினும் என் முற்றத்துப் புல் என்னை அறியாமலே ஊருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தது. ஆண்டுதோறும் சாம்பற் புதனன்று பிறர் நெற்றியில் சாம்பலிட்டு, மனிதன் மண்ணென்பதை நினைவூட்டுகின்ற நான், என் வாசல் மண்ணை ஒருமுறையும் குனிந்து பார்த்திருக்கவில்லை.

அதன்பின் இப்பொருள் பற்றிக் கிடைத்த நூல்களையெல்லாம் தேடிப் படித்தேன். அறிந்தவற்றை வாசக அன்பர்களுக்கு எளிமையாய்ச் சொல்ல விழைகின்றேன்.

நைட்ரஜனை நம் உழவர் தழைச்சத்து என்பர். நாம் மூச்சுவிடும் காற்றில் 100க்கு 78 பங்கு நைட்ரஜனே. எனினும், பயிர்களால் அதை அப்படியே உண்ண முடியாது. அவரைக் குடும்பத்துச் செடிகளின் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் முதலியனவே அதனை உணவாக்கித் தரும். 1909இல் ஃபிரிட்ஸ் ஹேபர் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி காற்றின் நைட்ரஜனிலிருந்து அமோனியா செய்யும் வழியைக் காட்டினார். கார்ல் போஷ் அதனைத் தொழிற்சாலை அளவுக்கு வளர்த்தார். 1913இல் முதல் ஆலை இயங்கலாயிற்று. நம் அண்டை மாநிலமான கேரளத்தின் ஆலுவாயில் 1947இல் அமோனியம் சல்பேட் உரம் உற்பத்தியாகத் தொடங்கியது. இன்று உலக மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரின் உணவு இத்தகைய உரத்தைச் சார்ந்தே விளைகின்றது என்பர். ஆகவே, உரத்தை நஞ்சென்று ஒரே சொல்லில் தள்ளிவிடுதல் நன்றியற்ற செயலாகும்.

கேடு விளைவது அளவு மீறும்போதுதான். யூரியாவில் 100க்கு 46 பங்கு நைட்ரஜன். பொதுவாக, நாம் இடுகின்ற தழைச்சத்தில் பாதிக்கும் குறைவானதையே பயிர் உண்கின்றது. எஞ்சியதில் ஒரு பகுதி அமோனியாவாய்க் காற்றில் கலக்கின்றது. மற்றொரு பகுதியை மண்ணின் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. அவ்வாறு மாற்றும்போது மண்ணில் அமிலம் தோன்றுகின்றது. மிகுந்த நைட்ரேட்டை மழைநீர் கீழே இழுத்துச் செல்லும்போது, மண்ணின் சுண்ணாம்புச் சத்தையும் உடன் கொண்டுபோகின்றது. நகரத்து மண்ணுக்கோ மூட்டையிலிருந்து மட்டும் நைட்ரஜன் வருவதில்லை. வண்டிகளின் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும், சாக்கடையிலிருந்தும் மாட்டுத் தொழுவங்களிலிருந்தும் எழுகின்ற அமோனியாவும் மழையோடும் தூசியோடும் இறங்கி, நாம் இடாத உரமாய்ப் புல்தரையில் படிகின்றன.

இதனால் மண்ணுள் வாழும் உயிர்களுக்கு என்ன நேர்கின்றது? மண்புழுவுக்கு நுரையீரல் இல்லை. ஈரத் தோலாலேயே அது மூச்சுவிடுகின்றது. உரத்தின் உப்பும் அமோனியாவும் அம்மெல்லிய தோலைத் தாக்குகின்றன. மண் மிகுந்த அமிலமாகும்போது, அதில் கட்டுண்டு கிடந்த அலுமினியம் கரைந்து வேருக்கும் புழுவுக்கும் ஊறு செய்கின்றது. மண்புழு இனங்கள் பலவற்றின் உடலில் சுண்ணாம்பைச் சுரக்கும் சுரப்பிகள் உண்டு. சுண்ணாம்பு வற்றிய மண் அவற்றுக்கு வறண்ட கிணறு போன்றது. நூற்புழுக்களிலும் சிற்றுண்ணிகளிலும் வேறொரு மாற்றம் காணப்படுகின்றது. விரைந்து பெருகும் சில வகைகள் கூடுகின்றன. மெதுவாய் வளர்ந்து மற்றவற்றை வேட்டையாடி வாழும் வகைகள் குறைகின்றன. பலர் கூடி வாழ்ந்த பெருவீடு, சிலருடைய சத்திரமாகிவிடுகின்றது.

இதற்குச் சான்று இங்கிலாந்தில் உள்ள ஒரு புல்வெளி. ரோத்தம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1856ஆம் ஆண்டு லாஸ், கில்பர்ட் என்னும் இருவர் ஒரு புல்வெளியைப் பாத்திகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒருவகை உரமிட்டு ஆராயத் தொடங்கினர். அவ்வாராய்ச்சி இன்றளவும் தொடர்கின்றது. எவ்வுரமும் இடாத பாத்தியில் நாற்பதுக்கு அணித்தான செடிவகைகள் வாழ்கின்றன. சுண்ணாம்பு இடாமல் ஆண்டுதோறும் அமோனியம் சல்பேட் மிகுதியாய் இட்ட பாத்திகளிலோ இரண்டு மூன்று வகைப் புற்களே எஞ்சின, மண் கடும் அமிலமாயிற்று, மண்புழுக்கள் மறைந்தன. செத்த புல்லைத் தின்று மண்ணாக்க ஆளில்லாமையால், அது மக்காமல் மெத்தைபோல் மேலே தடித்துக் கிடக்கின்றது. நைட்ரஜனையே சோடியம் நைட்ரேட்டாக இட்ட பாத்திகளில் இக்கேடு நேரவில்லை என்பதும் கருதத்தக்கது. ஆகவே எவ்வளவு இடுகின்றோம் என்பதோடு, எவ்வடிவில் இடுகின்றோம் என்பதும் முக்கியமாகின்றது.

அமெரிக்காவின் கென்டக்கியில் புல்தரைகளில் ஏழாண்டுகள் நடத்திய ஓர் ஆய்வு 1985இல் வெளிவந்தது. நைட்ரஜன் உரம் கூடக்கூட மண்ணின் அமிலத்தன்மை ஏறியதையும், அடித்தாள் தடித்ததையும், மண்புழுக்கள் குறைந்ததையும் அதுவும் காட்டியது. படித்தபோது என் முற்றத்து மெத்தையே கண்முன் வந்தது.

மண்புழுவின் உழைப்பைச் சார்ல்ஸ் டார்வின் அளந்திருக்கின்றார். 1842இல் தம் வீட்டருகே ஒரு புல்நிலத்தில் சுண்ணக்கல் துண்டுகளைப் பரப்பிவைத்து, 29 ஆண்டுகள் பொறுத்திருந்து 1871இல் தோண்டிப் பார்த்தார். அத்துண்டுகள் மண்ணுள் ஏழு அங்குல ஆழத்தில் வரிசையாய்க் கிடந்தன. மேலே வந்த மண் முழுவதும் புழுக்கள் கொணர்ந்து கொட்டியதே. ஏக்கருக்கு ஆண்டுதோறும் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல்வழிச் சென்று வருகின்றது என்று 1881இல் தாம் வெளியிட்ட நூலில் கணக்கிட்டார். நம் நாட்டிலும் சென்னைப் புதுக்கல்லூரிப் பேராசிரியர் சுல்தான் இஸ்மாயில் போன்றோர் உள்ளூர் மண்புழு இனங்களை ஆராய்ந்து, அவற்றின் பயனை உழவரிடையே பரப்பியுள்ளனர்.

நேர்மையாய் ஒன்று சொல்ல வேண்டும். என் புல்தரையில் புழுக்களை ஓட்டியது யூரியா மட்டுமே என்று நான் சாதிக்கமாட்டேன். போடிச் சமவெளி மண் மலைமண்ணைப் போல் எளிதில் அமிலமாவதில்லை. அங்கே தூவிய யூரியாவின் பெரும்பகுதி அமோனியாவாய் ஆவியாகிப் போயிருக்கும். அதன் காரம் ஒருபுறமிருக்க, வெட்டிய புல்லையும் சருகையும் எரித்து நான் அப்புழுக்களின் உணவையே பறித்துவிட்டேன். சமன்செய்யும்போது மண்ணையும் இறுக்கிவிட்டேன். உணவைப் பறித்த கையே யூரியாவைத் தூவி, 'எல்லாம் நலம்' என்று பச்சை வண்ணம் பூசிற்று. உரமில்லாதிருந்தால் புல் வெளுத்து, மண்ணின் நோயை எனக்கு அறிவித்திருக்கும். அந்த அறிவிப்பின் வாயை அல்லவா நான் அடைத்தேன்!

மலைமேல் நிலை வேறு. ஏலமலைக் காட்டுமண் இயல்பிலேயே அமிலம் மிகுந்தது; மழையும் மிகுதி. சமவெளியில் காற்றோடு போவது, அங்கே அமிலமாய் மண்ணில் தங்குகின்றது. ஒரே மூட்டை கீழே ஒரு விதமாகவும் மேலே ஒரு விதமாகவும் வேலை செய்கின்றது. என் புல்தரையைப் பார்த்து மலையில் உரமிடுவது, ஒருவர் மருந்தை மற்றொருவர் குடிப்பதற்கு ஒப்பாகும்.

2016ஆம் ஆண்டு தை மாதம், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிச் செல்கின்ற ஜீப்பில் போடிமெட்டு வழியாக அத்தோட்டத்திற்குச் சென்றேன். பெரியவரும் உடன்வந்தார். தம் இளமையில் அடர்ந்த மரநிழலில் முழங்காலளவு சருகுக்கிடையே ஏலம் வளர்ந்ததையும், பின்னர் மிகுந்த விளைச்சல் தரும் புது வகைகள் வந்தபின் கிளைகளைக் கழித்து வெயிலை இறக்கி, ஆண்டுக்குப் பலமுறை உரமிடும் வழக்கம் வந்ததையும் வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஏலச்செடியின் வேர் ஆழமாய்ப் போவதன்று; மேல்மண்ணிலேயே படர்வது. மேல்மண் கெட்டால் அதற்குப் போக்கிடமில்லை.

மருமகனிடம் நான் என் பிழையை ஒளிக்காமல் சொன்னேன். "தம்பி, என் புல்லைப் பார்த்து நீங்கள் உரமிடாதீர்கள். அது அழகுக்காக நான் செய்த தவறு" என்றேன்.

அவர் மரியாதையாய்த்தான் பேசினார். ஆனால் அவர் சொன்னது இது: "உங்க புல்லு காஞ்சா உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை, சாமி. எனக்குக் காய் குறைஞ்சா வட்டியை யாரு கட்டுவா?"

எனக்கு விடை தெரியவில்லை. கடனாளியிடம் மண்புழுவின் பெருமையைப் பேசுவது எளிது; அவர் நிலையில் நின்று பார்ப்பது அரிது. நெடுநேரம் பேசியபின் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். தோட்டத்தில் மூன்றில் ஒரு பகுதியில் மட்டும் முறையை மாற்றுவது. அங்கே காய் குறைந்தால் என் கைப்பணத்திலிருந்து ஈடுசெய்வது. மண்ணைப் பரிசோதிக்கக் கொடுத்தார். கணக்குப் பார்த்துச் சுண்ணாம்பு இட்டு, சில வாரங்கள் கழித்து உரத்தைக் குறைத்துப் பல தவணையாய் இட்டார். சுண்ணாம்பையும் யூரியாவையும் ஒருசேர இட்டால் தழைச்சத்து அமோனியாவாய்ப் பறந்துவிடும் என்பதால் இந்த இடைவெளி. கழித்த தழையைக் கொத்தின் அடியிலேயே பரப்பினார். தொழு உரமும் சேர்த்தார்.

இம்முறை என் கற்பனையன்று. 1990களில் வால்பாறைப் பகுதியின் ஷேக்கல்முடித் தேயிலைத் தோட்டத்தில், சம்பல்பூர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிக்ரம் சேனாபதியும் பிரெஞ்சு அறிஞர் பாட்ரிக் லவெல்லும் இத்தகைய முயற்சி ஒன்றைச் செய்தனர். உரத்தைக் கூட்டியும் விளைச்சல் கூடாமல் நின்றுபோன நிலம் அது. தேயிலை வரிசைகளுக்கிடையே குழி வெட்டி, கவாத்துத் தழையையும் மக்கிய உரத்தையும் இட்டு, மண்புழுக்களை விட்டனர். தனி இரசாயன உரத்தைவிடக் கொழுந்து வெகுவாகக் கூடிற்று என்று அவர்கள் அறிவித்தனர். அதில் பெரிதும் பயன்பட்ட 'பொண்டோஸ்கோலெக்ஸ்' என்னும் புழு தென்னமெரிக்காவிலிருந்து வந்து குடியேறியது என்பது ஒரு வியப்பு. அதனால் நம் பழங்குடிப் புழுக்களைக் காப்பதும் கடமையாகின்றது.

எங்கள் முயற்சியின் முடிவையும் மறைக்காமல் சொல்கின்றேன். 2016இல் கேரளத்தில் மழை குறைந்தது. தோட்டம் முழுவதும் காய் குறைந்தது. மாற்றிய பகுதியில் இன்னும் சற்றுக் குறைந்தது. சொன்னபடி ஈடு கொடுத்தேன். அடுத்த ஆண்டு இரு பகுதியும் ஏறத்தாழ ஒன்றாய் நின்றன. உரச்செலவு மட்டும் ஒரு பகுதியில் குறைந்திருந்தது. 2018 ஆகஸ்டு பெருமழையில் இரு பகுதியும் அழுகின. 2019இல் ஏலக்காய் விலை வரலாறு காணாத உயரத்திற்கு ஏறியபோதுதான் அவர் கடன் தீர்ந்தது. மண்புழு அக்குடும்பத்தைக் காத்தது என்று எழுத ஆசைதான். ஆனால் அது உண்மையாகாது. உண்மை இவ்வளவே: கடன் தீர்ந்தபின் அவர் பழைய முறைக்குத் திரும்பவில்லை, மற்ற இரு பகுதிகளையும் தாமாகவே மாற்றிக்கொண்டார். 2024 கோடையில் ஏலமலை வறட்சியில் வாடியபோது, சருகு மூடிய கொத்துகளில் ஈரம் சில நாள் கூடுதலாய் நின்றதென்று அவரே என்னிடம் சொன்னார்.

எதையும் ஒரே நாளில் மாற்ற முனைவதும் தவறு. இலங்கையில் 2021ஆம் ஆண்டு இரசாயன உரத்தைத் திடீரெனத் தடைசெய்து, விளைச்சல் வீழ்ந்து, அவ்வாண்டிலேயே தடையைத் திரும்பப் பெற்றதை நாம் கண்டோம். அதே கொழும்பு நகரில் 2019 அக்டோபரில் பல நாடுகள் கூடி, 2030க்குள் வீணாகும் நைட்ரஜனைப் பாதியாகக் குறைப்போம் என்று அறிவித்ததும் உண்மை. நோக்கம் நன்று, ஆயினும் அதனை அடையும் வழி மண்ணின் வேகத்திலேயே இருக்க வேண்டும்.

என் புல்தரை என்னவாயிற்று என்று வாசகர் கேட்கலாம். யூரியாவை நிறுத்தினேன். வெட்டிய புல்லை அங்கேயே கிடக்கவிட்டேன்; மக்கிய சாணத்தைத் தூளாக்கித் தூவினேன். 2016இல் வடகிழக்குப் பருவமழையும் பொய்க்கவே, தரை பழுப்பேறி அழகிழந்தது. "சாமிக்கு அக்கறை போய்விட்டது" என்று பேச்செழுந்தது. அதையும் பொறுத்துக்கொண்டேன். 2019இல் மாற்றலாகிச் செல்லும்வரை ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்குப்பின் பெரியவரும் நானும் ஒரு சாண் மண்ணை வெட்டி எண்ணுவோம். இரண்டு ஐந்தாயிற்று, ஐந்து ஒன்பதாயிற்று. மரத்தடியின் பதினேழை நான் இருந்தவரை அது எட்டவில்லை.

அண்மையில் ஒரு திருமணத்திற்காகப் போடி சென்றேன். புல்தரையில் இப்பொழுது அருகம்புல்லோடு கீழாநெல்லியும் தும்பையும் கலந்து வளர்ந்திருந்தன. முன்னிரவு மழை பெய்திருந்தது, நீர் தேங்கவில்லை. தரையெங்கும் புழுக்கள் கக்கிய மண் குருணை குருணையாய்க் கிடந்தது. மைனாக்கள் நடுத்தரையில் நடைபயின்றன. எண்பதைக் கடந்துவிட்ட பெரியவர் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். மெல்லக் குனிந்து, அக்குருணையை எடுத்து விரலிடையே நசுக்கிப் பார்த்தார்.

"குடி வந்துருச்சு, சாமி" என்றார்.

வாசக அன்பர்களே, உங்கள் இல்லத்திலோ, பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலோ ஒரு துண்டுப் புல்தரை இருக்கலாம். அடுத்த மழை விட்டதும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு சாண் மண்ணை வெட்டி எண்ணிப் பாருங்கள். எண்ணியபின் அவ்வுயிர்களை அங்கேயே விட்டு மண்ணை மூடிவிடுங்கள். எண்ணிக்கை குறைந்திருந்தால், உரமூட்டையைத் தேடுமுன் எரிக்கின்ற சருகை நிறுத்துங்கள். மேலே தெரிகின்ற பசுமையைக் கண்டு மகிழ்வதற்குமுன், கீழே குடியிருப்போர் நலமா என்று ஒருமுறை குனிந்து கேட்பது நம் கடமையன்றோ?